குடிக்கூலியும் குழாயடியும்: வீட்டுக்காரர் எச்சரிக்கையின் வரலாறு

"தண்ணீரை வீணாக்காதீர்", "விளக்கை அணைத்துவிட்டுச் செல்க", "சுவரில் ஆணி அடிக்கக் கூடாது", "கழிவுநீர்க் குழாயில் குப்பை போடாதீர்" - இத்தகைய எச்சரிக்கைகளைப் படிக்காத கண்கள் நம் நாட்டில் இல்லை எனலாம். வாடகைக்கு அறை எடுத்த இளைஞர் கதவின் பின்புறத்தில் இவற்றைக் காண்கின்றார். அயல்நாட்டுத் தொழிலாளர் தம் விடுதிச் சுவரில் பல மொழிகளில் காண்கின்றனர். அரசர்களையும் போர்களையும் எழுதும் வரலாற்று நூல்கள் இந்தச் சிற்றெழுத்தைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், ஒருவர் உடைமையில் மற்றொருவர் வாழும்போது எழுகின்ற பழைய வழக்கு ஒன்று இதனுள் அடங்கிக் கிடக்கின்றது.

அவ்வழக்கு யாது? ஒரு குழாயை, ஒரு விளக்கை, ஒரு கழிவறையைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று சொல்வதற்கு முன், சரியான பயன்பாடு எது என்று முடிவு செய்தவர் யார்? குடியிருப்பவர்க்கு விதி எழுதியவர், தமக்கும் ஏதேனும் விதி எழுதிக்கொண்டாரா? மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கடந்த நூறாண்டுகளில் இக்கேள்விகளுக்குக் கிடைத்த விடைகளை நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். வீட்டுக்காரரின் கடமை எழுதப்பட்டு, அது நடைமுறையிலும் உள்ள இடத்திலேதான் குடியிருப்பவர்க்கு விடுக்கும் எச்சரிக்கை நீதியாகும். மற்ற இடங்களில் அது வெறும் அதிகாரமே.

சொல்லும் பொருளும்

வீட்டு வாடகைக்குத் தமிழில் 'குடிக்கூலி' என்றொரு நல்ல சொல் உண்டு. இன்று அது பேச்சில் அருகிவிட்டது; அகராதியில் இருக்கின்றது. குடியிருப்பதற்காகக் கொடுக்கும் கூலி என்பது அதன் பொருள். உழைத்தவன் பெறுவதும் கூலி. குடியிருப்பவன் கொடுப்பதும் கூலி. வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் ஒரே சொல் நிற்பதை ஆசிரியர்கள் மாணவர்க்குச் சுட்டிக்காட்டலாம். ஏனெனில் மலாயாத் தோட்டங்களில் இவ்விரண்டும் சொல்லளவில் மட்டுமன்றி வாழ்க்கையிலும் ஒன்றாகவே பிணைந்திருந்தன. அங்கே தொழிலாளி தனியாகக் குடிக்கூலி கொடுக்கவில்லை. அவன் பெற்ற கூலிக்குள்ளேயே அவன் குடியும் அடங்கியிருந்தது.

ஆங்கிலச் சட்டம் கண்ட அளவுகோல்

வாடகைக்கு இருப்பவன் வீட்டைக் கெடுத்தால் என்ன செய்வது என்பது ஆங்கிலச் சட்டத்தில் மிகப் பழைய கேள்வி. 1278ஆம் ஆண்டு இயற்றப்பட்ட குளொஸ்டர்ச் சட்டம், பிறர் நிலத்தை அனுபவிப்பவன் அதனைப் பாழாக்கினால் அந்நிலத்தை இழப்பதோடு, சேதத்தின் மும்மடங்கையும் ஈடாகக் கொடுக்கவேண்டும் என்று விதித்தது. நிலம் உடையவனே சட்டம் இயற்றும் மன்றத்திலும் அமர்ந்திருந்த காலம் அது. ஆதலின் தண்டனை கடுமையாக இருந்ததில் வியப்பில்லை.

ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின், 1953இல், வாரன் எதிர் கீன் என்ற வழக்கில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு மன்றம் வேறோர் அளவுகோலைத் தெளிவாக்கியது. குடியிருப்பவன் குடியிருப்பவனுக்குரிய முறையில் வீட்டைப் பயன்படுத்தினால் போதும் என்பதே அது. அதற்கு நீதிபதி டென்னிங் தந்த எடுத்துக்காட்டுகள் மிக எளியவை. குளிர்காலத்தில் வெளியூர் போகும்போது தண்ணீரை நிறுத்திவிட்டுச் செல்லவேண்டும். மின்சார 'பியூஸ்' போனால் சரி செய்துகொள்ளவேண்டும். தன் குப்பையால் தொட்டி அடைத்துக்கொண்டால் அதனைத் தானே நீக்கவேண்டும். தானோ, தன் வீட்டாரோ, தன் விருந்தினரோ வீட்டைச் சேதப்படுத்தக் கூடாது. சேதம் நேர்ந்தால் பழுது பார்க்கவேண்டும். ஆனால் காலத்தால் வரும் தேய்மானத்திற்கு அவன் பொறுப்பாக மாட்டான்.

இத்தீர்ப்பு நமக்கு எட்டாத ஊரின் செய்தியன்று. 1956ஆம் ஆண்டின் குடியியல் சட்டம், அவ்வாண்டு ஏப்ரல் 7ஆம் நாள்வரை இங்கிலாந்தில் வழங்கிய பொதுச் சட்டத்தை, நம் நாட்டுச் சட்டம் வேறு வழி கூறாத இடங்களில், மேற்கு மலேசியாவிற்கும் ஏற்றுக்கொண்டது. தேய்மானம் வேறு, சேதம் வேறு என்னும் இந்த வேறுபாட்டை வாடகை முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு நிற்கும் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம். பத்தாண்டு ஓடிய குழாயின் வாஷர் தேய்ந்து ஒழுகுவது குற்றமன்று. ஒழுகுவதைக் கண்டும் சொல்லாமல் விடுவதே குற்றத்திற்கு அருகில் வருவது.

லயன் வீடு: முதலாளியே வீட்டுக்காரர்

இங்கிலாந்தில் வீட்டுக்காரர் ஒருவர், முதலாளி வேறொருவர் என்பதே பொதுவழக்கு. மலாயாத் தோட்டத்தில் இருவரும் ஒருவரே. குழாயைத் திறந்துவிடுபவரும், சம்பளம் போடுபவரும், வேலையிலிருந்து நீக்குபவரும் ஒரே துரைதான். இந்த ஒன்றே தோட்டத்து எச்சரிக்கையின் தன்மையை முற்றிலும் மாற்றிவிட்டது.

இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஆள் கொண்டுவரும் முறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணி முறையே ஓங்கியது. ரப்பர் பெருகிய அக்காலத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு லயன்கள் எழுந்தன. அத்தாப்புக் கூரையும் பலகைச் சுவரும் கொண்ட நீண்ட கட்டடம், வரிசையாக அறைகள், சில இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை. குழாயும் கழிவறையும் பொது. காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் அங்கே வாழ்ந்தோரை வாரிக்கொண்டு போயின. 1901 முதல் கிள்ளான் வட்டாரத்தில் மருத்துவப் பணி புரிந்த மால்கம் வாட்சன், மலேரியாவைத் தடுக்க வடிகால் வெட்டுவதும் குடியிருப்பின் சூழலைச் சீர்செய்வதும் எத்துணை இன்றியமையாதவை என்பதை 1911இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். தொழிலாளியின் பழக்கத்தை மட்டும் குறை கூறிக்கொண்டிருந்தால் நோய் நீங்காது. நிலத்தையும் நீரையும் சீர்செய்தாக வேண்டும் என்பது அவர் பணி கற்பித்த பாடம்.

அரசினரும் மெல்ல மெல்ல முதலாளியின் கடமையை எழுதலாயினர். கூட்டு மலாய் மாநிலங்களில் 1912இலும் 1923இலும் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் குடியிருப்பு, குடிநீர், சுகாதாரம், மருத்துவம் ஆகியவற்றை முதலாளியின் பொறுப்பாக்கின. 7 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி வைக்கவேண்டும் என்னும் விதியும் 1923ஆம் ஆண்டுத் தொகுப்பில் இடம்பெற்றது. நம் தோட்டத் தமிழ்ப் பள்ளிகள் பலவற்றின் பிறப்புக்குக் காரணமாக இருந்த சட்டமும், லயன் குழாயடிக்குக் காரணமாக இருந்த சட்டமும் ஒன்றே என்பதை ஆசிரியர்கள் மறத்தலாகாது.

ஆனால் ஏட்டில் எழுதியது வேறு, லயனில் வழங்கியது வேறு. சட்டத்தைத் தொழிலாளி படித்ததில்லை. துரையின் கட்டளையை நாள்தோறும் கேட்டான். கங்காணி வாயிலாகவும் கிராணி வாயிலாகவும் அக்கட்டளைகள் வந்தன. குழாயடியில் துணி துவைக்காதே. லயனுக்குப் பின்னே மாட்டுக்கொட்டகையை நீட்டாதே. ஆட்டை இளங்கன்றுத் தோப்பில் விடாதே. டிரெசர் வந்து வாசலையும் கால்வாயையும் பார்த்துச் செல்வார். இக்கட்டளைகளில் பல நல்லவையே; சுகாதாரத்திற்கு உகந்தவையே. எனினும் மீறினால் கிடைப்பது வீட்டுக்காரரின் கண்டிப்பு மட்டுமன்று, வேலையும் போகும். வேலை போனால் வீடும் போகும். வீடு போனால் குழந்தையின் பள்ளியும் போகும். ஒரு குடம் தண்ணீரின் மேல் ஒரு குடும்பத்தின் வாழ்வு முழுவதும் தொங்கியது.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்ந்த பெரும் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பார்த்தால் இது விளங்கும். ஆர்.எச். நாதன் முதலியோர் முன்னின்ற அப்போராட்டத்தில் தொழிலாளர் கேட்டது கூலி உயர்வு மட்டுமன்று. துரைமாரையும் உத்தியோகத்தரையும் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டியதில்லை என்ற உரிமையைக் கேட்டனர். கள்ளுக்கடையை மூடச் சொல்லினர். தம் உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்திற்குள் வந்து போகவேண்டும் என்றும் கேட்டனர். இந்தக் கடைசிக் கோரிக்கையைச் சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். தன் வீட்டுக்கு விருந்தினரை அழைக்கும் உரிமையைக்கூட வேலைநிறுத்தம் செய்தே கேட்கவேண்டிய நிலையில் இருந்தவன், அவ்வீட்டைத் 'தன் வீடு' என்று பேணுவான் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்?

கட்டளைகளிலெல்லாம் அநீதி கண்டோம் என்று கொள்வதும் பிழையாகும். 1970களில் என் இளமைக்காலத் தோட்டத்தில் மின்சாரம் இயந்திரம் ஓடும் மாலை வேளையில் மட்டுமே வரும். இரவு பத்து மணிக்கு அணையும். மின்சார இஸ்திரிப் பெட்டி பயன்படுத்தக் கூடாது என்பது கண்டிப்பான விதி. ஒரு வீட்டில் அதனைச் செருகினால் லயன் முழுவதும் விளக்கு மங்கும். படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் கூச்சலிடுவார்கள். அந்த விதி அண்டை வீட்டாரைக் காத்தது. ஆனால் அந்த இயந்திரம் ஏன் அத்துணைச் சிறியதாக இருந்தது என்ற கேள்வியை எழுதித் தொங்கவிட எங்களுக்குப் பலகை இருக்கவில்லை.

வேலையோடு வீட்டைப் பிணைத்த முறையின் கொடுமை, தோட்டங்கள் கைமாறியபோது முழுமையாக வெளிப்பட்டது. 1950களின் பிற்பகுதி தொடங்கிப் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. வேலையிழந்த தொழிலாளர் குடியும் இழந்தனர். துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்க முற்பட்டது இந்நிலையில்தான். பல ஆண்டுகள் ஓர் இடத்தில் வாழ்ந்தும், வாழ்ந்தவன் என்ற உரிமை எதுவும் பிறக்கவில்லை என்பதே அத்துண்டாடல் கற்பித்த கசப்பான பாடம்.

நகரத்து அறைகளும் வாடகைக் கட்டுப்பாடும்

தோட்டத்தில் வீட்டுக்காரர் கை ஓங்கியிருந்தது எனில், போருக்குப் பிந்திய நகரத்தில் அக்கை கட்டப்பட்டிருந்தது. வீட்டுப் பஞ்சம் மிகுந்த அந்நாளில், சிங்கப்பூரில் 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கட்டடங்களின் வாடகையைப் போருக்கு முந்திய அளவில் நிறுத்தியது. மலாயாவிலும் இத்தகைய கட்டுப்பாடு வந்தது. பின்னர் 1966ஆம் ஆண்டுச் சட்டம், 1948 ஜனவரி 31க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு அதனைத் தொடர்ந்தது. வாடகையை நினைத்தபடி உயர்த்த முடியாது; சட்டம் கூறும் காரணமின்றி வெளியேற்றவும் முடியாது.

இதன் விளைவு இருவகைப்பட்டது. ஏழைக்கு நிழல் கிடைத்தது. அதே நேரத்தில் கடைவீட்டை மொத்தமாக எடுத்த தலைமைக் குடியிருப்பாளர், மாடியைப் பலகையால் பல அறைகளாகத் தடுத்து உள்வாடகைக்கு விட்டார். புதிதாக வருபவர் 'தேநீர்ப் பணம்' என்ற பெயரில் தனித்தொகை கொடுத்தே உள்ளே நுழைய முடிந்தது. பாரிங்டன் கே என்பவர் சிங்கப்பூரின் மேல் நான்கின் தெருவில் 1955இல் ஆய்வு நடத்தி 1960இல் வெளியிட்ட நூல், சன்னலற்ற அறைகளில் குடும்பங்கள் அடைந்து, சமையலறையையும் குழாயையும் பலரோடு பகிர்ந்து வாழ்ந்த நிலையைப் பதிவு செய்துள்ளது.

இங்கே எச்சரிக்கைக்கு ஒரு புதிய பயன் வந்தது. வீட்டைச் சேதப்படுத்துதல், அண்டை அயலார்க்குத் தொல்லை தருதல், சட்டத்திற்குப் புறம்பான செயலுக்குப் பயன்படுத்துதல் ஆகியவை குடியிருப்பவரை நீக்குவதற்குரிய காரணங்களாகக் கருதப்பட்டன. வாடகை உயர்த்த இயலாத வீட்டுக்காரருக்கு 'தவறான பயன்பாடு' என்ற சொற்றொடர் நீதிமன்றக் கதவைத் திறக்கும் சாவி ஆயிற்று. மறுபுறம், சொற்ப வாடகையில் கூரையைப் பழுது பார்க்க வீட்டுக்காரர் முன்வரவில்லை, கட்டடங்கள் சிதைந்தன. இருபுறத்தும் குறை இருந்தது. மலேசியாவில் இக்கட்டுப்பாடு 1997ஆம் ஆண்டு நீக்கச் சட்டத்தின்படி 1999 இறுதியோடு முடிந்தது. சிங்கப்பூரில் 2001இல் முடிந்தது.

அடுக்குமாடியின் படிப்பினை

"சொந்த வீடானால் எவரும் பாழாக்க மாட்டார், வாடகை வீடு என்பதால்தான் அலட்சியம்" என்பது பலர் சொல்லும் வாதம். சிங்கப்பூர் இவ்வாதத்தைச் சோதித்துப் பார்த்த நாடு. 1960 பிப்ரவரியில் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், தொடக்கத்தில் வாடகை வீடுகளைக் கட்டியது. 1964இல் சொந்த வீட்டுத் திட்டம் வந்தது. காலப்போக்கில் மக்களில் பெரும்பான்மையோர் உரிமையாளர் ஆயினர். அவ்வாறு ஆகியும், 1980களில் மின்தூக்கிகளில் சிறுநீர் கழிப்போரைப் பிடிக்கக் கருவி பொருத்தவேண்டி வந்தது! தன் வாசலுக்குள் தூய்மை. வாசலுக்கு வெளியே அலட்சியம். உடைமை மட்டும் ஒழுக்கம் கற்பிக்காது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆனால் அதே நாட்டில், 1963 ஏப்ரல் முதல் ஏறத்தாழப் பத்துத் திங்கள் தண்ணீர்ப் பங்கீடு நடந்தபோது வீட்டுக்காரரும் வாடகைக்காரரும் ஒன்றாகவே வரிசையில் நின்றனர். 1971இல் தொடங்கித் தண்ணீர்ச் சிக்கன இயக்கங்கள் நடந்தன. மக்கள் ஏற்றுக்கொண்ட எச்சரிக்கை அது. ஏன்? தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஏன் குறைவு, அரசு அதற்கு என்ன செய்கின்றது என்பவை எல்லார்க்கும் சொல்லப்பட்டன. காரணம் சொல்லப்பட்ட விதிக்கும் காரணம் சொல்லாத கட்டளைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இன்றைய நிலை

லயன் வீடு மறைந்தாலும் முதலாளியே வீட்டுக்காரராக இருக்கும் முறை மறையவில்லை. இன்று அது அயல்நாட்டுத் தொழிலாளர் விடுதியாக நிற்கின்றது. மலேசியாவில் 1966இல் வந்த தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுத் தரச் சட்டத்தின் இடத்தில் 1990ஆம் ஆண்டுச் சட்டம் அமைந்தது. தோட்டத்தையும் சுரங்கத்தையும் நோக்கி எழுதப்பட்ட அது, 2019இல் திருத்தப்பட்டுப் பிற துறைகளுக்கும் விரிந்தது. 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, பொது விடுதியில் 15 பேருக்கு ஒரு கழிவறையேனும் இருத்தல் வேண்டும். தங்குவதற்காக ஒருவரிடம் திங்களுக்கு 100 ரிங்கிட்டுக்கு மேல் பிடித்தல் கூடாது. சிங்கப்பூரில் 2015ஆம் ஆண்டுச் சட்டம் பெரிய விடுதிகளை உரிமமுறைக்குக் கொண்டுவந்தது. 2020இல் கொள்ளைநோய் விடுதிகளில் பரவிய பின், 2023 முதல் சிறிய விடுதிகளும் அதற்குள் வந்தன. நோய் வந்து கதவைத் தட்டிய பிறகே கழிவறையை எண்ணுகிறோம் என்பது வாட்சன் காலத்திலிருந்து மாறாத நம் குறைபாடு.

வீட்டுக்காரர் பக்கமும் இன்று புதிய துன்பம் உண்டு. வாடகைக்கு எடுத்த கடையிலும் வீட்டிலும் மின்மானியைத் தாண்டிக் கம்பி இழுத்து, இரவும் பகலும் கணினிகளை ஓடவிட்டு, 'பிட்காயின்' முதலிய மின்னியல் நாணயம் திரட்டுவோர் மலேசியாவில் பலர் பிடிபட்டுள்ளனர். ஓட்டியவன் ஓடிப்போனால், மின்கணக்கு தம் பெயரில் உள்ள வீட்டுக்காரர் வழக்கை எதிர்கொள்ள நேரிடுகின்றது. அவர் கடுமையாக எச்சரிப்பதை யாரும் குறை கூற இயலாது. ஆயினும் எச்சரிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. வாடகைக்காலம் முடிந்தும் வெளியேறாதவரை நீதிமன்றத்தின் வழியாகவே நீக்கவேண்டும் என்று மலேசியாவின் 1950ஆம் ஆண்டுக் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு கூறுகின்றது. பூட்டை மாற்றி வெளியே நிறுத்துவது அதற்கு முரண். தண்ணீரை நிறுத்தி ஒரு குடும்பத்தை வெளியேற்ற முற்படுபவர், குழாயைத் தவறாகப் பயன்படுத்துபவர் யார் என்ற கேள்விக்குத் தாமே விடையாகிவிடுகின்றார்.

ஆசிரியர் செய்யத்தக்கது

உயர்வகுப்பு மாணவரிடம் விதி எழுதுதல் பயிற்சியைத் தரும்போது, இருபுறமும் எழுதும்படி ஆசிரியர்கள் சொல்லலாம். தாளை இரண்டாக மடித்து, இடப்புறத்தில் குடியிருப்பவர் கடமை, வலப்புறத்தில் வீட்டுக்காரர் கடமை. "ஒழுகும் குழாயை உடனே தெரிவிக்கவேண்டும்" என்று இடப்புறத்தில் எழுதினால், "தெரிவித்த சில நாளில் பழுது பார்க்கவேண்டும்" என்று வலப்புறத்தில் எழுதியாக வேண்டும். வலப்புறம் வெறுமையாக நிற்குமானால் இடப்புறத்து விதியை மாணவனே ஐயுறுவான். இலக்கணப் பயிற்சியோடு நீதிப் பயிற்சியும் ஆகும்.

நம் முன்னோர்க்கு அந்த வலப்புறத்தை எழுதித் தர ஒரு நூற்றாண்டு பிடித்தது. 'குடி' என்ற வேரிலிருந்தே குடியிருப்பவன் என்ற சொல்லும் குடிமகன் என்ற சொல்லும் பிறந்துள்ளன. முதற்சொல்லில் நின்றவர்கள் இரண்டாம் சொல்லை அடைய எவ்வளவு உழைத்தார்கள் என்பதை அறிந்த பிள்ளை, பிறர் வீட்டுக் குழாயையும் தன்னுடையதாக எண்ணி மூடுவான். நாளை அவனே வீட்டுக்காரன் ஆகும்போது, எச்சரிக்கை எழுதுமுன் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்ப்பான்.